வெளியே தாழ்ப்பாள் வைத்த வீடு

எங்கள் அத்தை தன் கையால் ஒரு வீடு கட்டினாள். வீடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். செங்கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை. முழு மரத்தடிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, மூலையில் ஒன்றையொன்று கவ்வும்படி வெட்டி எழுப்பிய நான்கு சுவர். மேலே பனையோலை. ஜன்னல் கிடையாது. குனிந்து நுழைகிற மாதிரி ஒரு கதவு. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் அதற்கு முன்னால் அப்படி ஒரு வீட்டை யாரும் பார்த்ததில்லை. பிறகும் பார்த்திருக்கமாட்டார்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமானதும் ரங்கூனுக்குப் போனவள். மாமா அங்கே ஆற்றங்கரையில் ஒரு மர அறுவை ஆலையில் வேலை பார்த்தார். ரங்கூனில் குண்டு விழுந்து, பர்மாவில் இருந்த நம் ஆட்கள் காடும் மலையுமாக நடந்தே திரும்பிய அந்த வருஷம் அத்தையும் வந்தாள். மூன்று பேராகக் கிளம்பியவர்கள். எங்கள் ஊர் ஸ்டேஷனில் வந்து இறங்கியது அவள் ஒருத்திதான். மாமாவைப் பற்றியும், என்னைவிடச் சில மாதமே இளையவளான அவர்கள் மகளைப் பற்றியும் வீட்டில் பேச்சு வந்தால், 'இருந்தார்', 'இருந்தாள்' என்பதோடு நின்றுவிடும். நான் பக்கத்தில் இருந்தால் அதுவும் கிடையாது.

வந்த நாளிலிருந்து அத்தை பேசவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். குளி என்றால் குளிப்பாள். யாராவது ஒரு கதவைச் சாத்தினால் மட்டும் தானாக எழுந்து போய்த் திறந்துவிடுவாள். வாசல் கதவு, கொல்லைக் கதவு, அடுக்களைக் கதவு, எதையும் விடமாட்டாள். அப்பா நூல் கடையை அடைத்துவிட்டு வருவதற்குள் வீட்டுக்குள் தெருநாய் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போயிருக்கும். அம்மா கோமதி அம்மன் சன்னதியிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து அவள் நெற்றியில் பூசுவாள். அத்தை சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை நிமிர்த்திக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பூசி முடித்ததும் எழுந்து போய், அம்மா வரும்போது சாத்திய கதவைத் திறந்து வைப்பாள்.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்து கூட்டம் கலைந்த பின் ஒரு காலையில், அப்பா கடைக்குக் கிளம்பும்போது அவள் வாய் திறந்தாள்.

"அண்ணே, எனக்குக் கொஞ்சம் மரம் வேணும்."

அப்பா ஒரு காலில் செருப்பும் மறுகால் வெறுமையுமாக அப்படியே நின்றார். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. அவள் யானை வேண்டும் என்று கேட்டிருந்தாலும் அன்று வாங்கிக் கொடுத்திருப்பார்.

"எவ்வளவும்மா வேணும்?"

"தொடைத் தண்டிக்கு இருந்தாப் போதும். நம்ம தோட்டத்துல நிக்கதே காணும்."

எங்கள் தோட்டம் புளியங்குடி போகிற சாலையில், ஊரைத் தாண்டி இருந்தது. ஒரு கிணறு, கொஞ்சம் மானாவாரி நிலம், வரப்போரமாக வேம்பும் வாகையும் பூவரசும். மரத்தை வெட்ட அப்பா ஆள் அனுப்பினார். அத்தை அவர்களைத் திருப்பி அனுப்பினாள். பிறகு ஒரு ஆசாரியை அனுப்பினார். அவரையும் திருப்பி அனுப்பினாள். கொல்லப் பட்டறைக்குத் தானே போய் நின்று, கோடாலிக்கு வாய் தட்டி வாங்கிக்கொண்டாள். மரத்தைச் செதுக்க ஒரு வாச்சி, உளி, அதை அடிக்க மரச்சுத்தி, ஒரு ரம்பம், கடப்பாரை, கிணற்றில் நீர் இறைக்கிற கமலை வடம். இவ்வளவுதான் அவளுடைய சாமான். காலையில் போனால் பொழுது சாயும்போது திரும்புவாள்.

"பொம்பளை மரம் வெட்டுதான்னு ஊரே சிரிக்கி" என்றாள் அம்மா.

"சிரிக்கட்டும். ராத்திரி தூங்குதாள்லா" என்றார் அப்பா.

அது உண்மை. வந்ததிலிருந்து விடிய விடிய உட்கார்ந்திருந்தவள், கோடாலி பிடித்த நாளிலிருந்து தூங்க ஆரம்பித்தாள். அப்பா அதை மட்டும்தான் பார்த்தார். சனிக்கிழமைகளில் என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவார். அப்படித்தான் அந்த வீடு எழும்பியதை நான் பார்த்தேன்.

அத்தை ஒல்லி. ஆனால் ஒரு முழுத்தடியை அவள் நகர்த்துகிற விதம் பார்க்க வேடிக்கையாக இருக்கும். கடப்பாரையால் நெம்பி, அடியில் உருட்டுக்கட்டை கொடுத்து, மெதுவாகச் சுவர்ப்பக்கம் கொண்டுவருவாள். சாய்வாக இரண்டு கம்பு நிறுத்தி, வடத்தைப் போட்டு இழுத்து மேலே ஏற்றுவாள். ஒரு முனை ஏறியதும் அதை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, மறுமுனைக்கு ஓடுவாள். இதெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகியவள் செய்கிற மாதிரி இருந்தது.

வீட்டில் பேசாதவள் அங்கே பேசினாள். அதைத்தான் முதலில் கவனித்தேன். ஒரு தடியை மூலையில் வெட்டிய பள்ளத்துக்குள் இறக்கும்போது, "மெல்ல... மெல்ல... விரல் பத்திரம்" என்றாள். எனக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. தடியின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் இல்லை. தடி பள்ளத்தில் உட்கார்ந்த பிறகும், எதிரில் உள்ளவர் கையை எடுக்கட்டும் என்று காத்திருப்பதைப் போல ஒரு கணம் நின்றுவிட்டு, அதன் பிறகுதான் தன் கையை எடுத்தாள்.

நான் அந்த மறுமுனைப் பக்கம் போகாமல் தள்ளி நடந்து அப்பாவிடம் போய்விட்டேன்.

புரட்டாசியில் சுவர் என் தோள் உயரத்துக்கு வந்திருந்தது. ஒரு தடி நடுவில் வளைந்து, மேல்தடிக்கும் கீழ்தடிக்கும் இடையே விரல் நுழைகிற அளவு சந்து தெரிந்தது. அப்பா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது கோணலா இருக்கேம்மா. வேற நேரான மரம் வெட்டித் தரச் சொல்லட்டா?" என்று கேட்டார்.

"வேண்டாம். அப்படித்தான் இருந்துது" என்றாள் அத்தை.

பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் எங்களுக்கு முக்காலம் நடத்தியிருந்தார்கள். இன்னும் கட்டி முடிக்காத வீட்டை 'இருந்தது' என்று ஏன் சொல்கிறாள் என்று யோசித்தேன். அத்தை அதிகம் படிக்காதவள், இலக்கணம் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். அப்பா சந்தில் வைத்த விரலை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் போனபோது ஒரு சுவரே இல்லை. பிரித்துப் போட்டிருந்தாள். உயரம் தப்பாகிவிட்டதாம்.

தோட்டத்துக் காவல்காரருக்கு அந்தப் பக்கம் போகவே பயம். கிணற்றடியில் அப்பாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மொதலாளி, ஊர்ல வீட்டுக்கு எங்கன தாழ்ப்பாள் வைப்பாவ? உள்ளதான? அந்தம்மா வெளிய வைக்காவ. கதவுக்கு ரெண்டு பக்கமும் கொக்கி மாதிரி செதுக்கி, குறுக்கால ஒரு கட்டை. வெளியே இருந்து போட்டா உள்ள இருக்கது எப்படி வெளிய வரும்? எதையோ கொண்டாந்து அடைக்கப் போறாவ."

"சும்மா இரும்வே. பிள்ளை நிக்கி" என்றார் அப்பா.

பிள்ளை நின்றது மட்டுமல்ல, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டும் நின்றது. எதை அடைக்கப் போகிறாள் என்பதுதான் அன்றிலிருந்து எனக்கு யோசனை. சோற்றுத்தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அதையே யோசிப்பேன். காட்டுப்பூனை என்று நினைத்தேன். பிறகு பேய் என்று நினைத்தேன். அந்தத் தடியின் மறுமுனையைப் பிடித்தது எதுவோ, அது என்று நினைத்தபோது சோறு இறங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அத்தை என்னைக் கூப்பிட்டாள். "இங்கன வா மக்கா. நேரா நில்லு." கதவோரத் தடியில் என் முதுகை ஒட்ட நிறுத்தி, உச்சந்தலையில் கையை வைத்துக் கரித்துண்டால் கோடு போட்டாள். பிறகு எட்ட நின்று கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு விரல் கூட இருக்கே" என்றாள்.

அதைச் சொன்ன குரலில் வருத்தம் இருந்தது. நான் வளர்ந்திருப்பது யாருக்காவது வருத்தமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவள் உளியை எடுத்து, கதவுக்கு இருபுறமும் இருந்த கொக்கிகளைக் கழற்றி, ஒரு விரற்கடை மேலே வைத்து மறுபடி அடிக்க ஆரம்பித்தாள்.

ஐப்பசி பிறந்து மேற்கே மேகம் கட்டத் தொடங்கியது. அன்று மதியம் அப்பா என்னைத் தோட்டத்தில் விட்டுவிட்டு, மேலநீலிதநல்லூரில் ஒருவரைப் பார்க்கப் போனார். மழைக்கு முன்னால் வந்துவிடுவதாகச் சொன்னார். அம்மா கொடுத்தனுப்பிய தோசையை நானும் அத்தையும் வேம்படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அத்தை தன் பங்கிலும் பாதியை எனக்கே வைத்தாள். வீடு முடிந்திருந்தது. பனையோலை புதிதாக இருந்தது. கை கழுவிவிட்டு வந்து, என் முகத்தையும் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, கதவைத் திறந்தாள்.

"உள்ள போ மக்கா."

போனேன். எப்படியும் ஒரு நாள் பார்த்துவிட வேண்டும் என்றிருந்ததால் போனேன் என்றுதான் நினைக்கிறேன். உள்ளே பச்சை மரத்தின் வாடை. தரையில் செதுக்கிய சீவலும் மரத்தில் பிளந்த சிலாம்புமாகக் கிடந்தன. தடிகளுக்கு நடுவே இருந்த சந்துகளில் கோடு கோடாக வெளிச்சம்.

"இங்கனயே இரு. நான் இப்ப வந்திருதேன்" என்றாள் அத்தை.

கதவு மூடியது. குறுக்குக் கட்டை கொக்கிகளில் விழுகிற சத்தம் கேட்டது. ஒரு சந்தில் அவள் கண் தெரிந்தது. என்னைப் பார்த்தது. பிறகு அந்தச் சந்தில் மறுபடி வெளிச்சம் வந்தது. காய்ந்த இலைகளின் மேல் அவள் நடந்து போகிற சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றுபோனது.

முதலில் எனக்குப் பயமில்லை. வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள் அல்லவா? சீவல்களைப் பொறுக்கி அடுக்கி விளையாடினேன். வெளிச்சக் கோடுகள் மங்கின. ஓலையில் மழை விழ ஆரம்பித்தது. "அத்தை" என்று கூப்பிட்டேன். இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். மழைதான் கேட்டது. கதவைத் தள்ளினேன். அது அசைந்து கொடுத்தது, திறக்கவில்லை. அப்போது சுவருக்கு வெளியே ஏதோ ஒன்று உரசிக்கொண்டு நடந்தது. தடிகளை முகர்கிற சத்தம். நான் நின்ற இடத்துக்கு நேராக வந்து நின்றது. அதன் மூச்சு சந்து வழியாக என் முழங்காலில் பட்டது.

இப்போது யோசித்தால் அது காவல்காரரின் ஆடாக இருக்கலாம். நாயாக இருக்கலாம். அப்போது எனக்கு அது, தடியின் மறுமுனையைப் பிடித்தது.

அழுதேனா என்று நினைவில்லை. கையில் ஒரு நீளச் சிலாம்பு இருந்தது நினைவிருக்கிறது. கதவுச் சந்துக்குள் அதை நுழைத்து, வெளியே இருந்த கட்டைக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். வழுக்கியது. உள்ளங்கையில் சிராய்த்து ரத்தம் வந்தது. மறுபடி கொடுத்து, இரண்டு கையாலும் தொங்கினேன். ஒரு பக்கம் எழும்பியது. கட்டை சரிந்து விழுந்தது. கதவு தானாகத் திறந்துகொண்டது.

வெளியே எதுவும் இல்லை. மழையும் வேம்பும்தான்.

அத்தை ரொம்ப தூரம் போயிருக்கவில்லை. வரப்பில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு காதையும் உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, நனைந்தபடி குந்தியிருந்தாள். நான் போய்த் தோளைத் தொட்டேன். திரும்பினாள். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. யாரையோ பார்த்துவிட்டாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்த யாரோ போய், என்னைப் பார்த்தாள்.

"எப்படிட்டி வந்தே? யாரு தொறந்தா?"

"நான்தான் தொறந்தேன். கீழ கெடந்த சிலாம்பை வச்சு நெம்பினேன்."

அவள் எழுந்து ஓடினாள். உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, சீவல்களை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பார்த்தாள்.

"அங்கயும் கெடந்துது" என்றாள். "நெறய கெடந்துது மக்கா. மாமா செதுக்கிப் போட்டதெல்லாம் உள்ளதான் கெடந்துது. எனக்கு ஞாபகமே வரல பாரு."

சிரித்தாள். என் கையைப் பிடித்து ரத்தத்தைத் துடைத்துவிட்டு, அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா நனைந்துகொண்டு சைக்கிளைத் தள்ளியபடி வந்தபோதும் நாங்கள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். "அண்ணே, தொறந்துட்டா! பிள்ளை தொறந்துட்டா!" என்றாள் அத்தை. அப்பா கீழே கிடந்த கட்டையைப் பார்த்தார். என் உள்ளங்கையைப் பார்த்தார். பிள்ளையை உள்ளே வைத்து ஏன் தாழ்ப்பாள் போட்டாய் என்று அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றுக்குள் வீசிவிட்டு வந்தார். அவ்வளவுதான்.

அந்த வீடு எதற்காகக் கட்டப்பட்டது என்பதை, எனக்கு ஒரு மகள் பிறந்து அவள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் அம்மா சொன்னாள்.

பர்மாக் காட்டில் நடந்து வருகிறபோது அத்தையின் மகளுக்குக் காய்ச்சல். கால் வீங்கி எழுந்து நிற்க முடியவில்லை. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். மிருகங்களுக்குப் பயந்து, மாமா கைக்கோடாலியால் மரங்களை வெட்டி ஒரே பகலில் ஒரு கூடு கட்டினார். மறுநாள் அவரே வாந்திபேதியில் இறந்தார். அத்தை மகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, முன்னால் போனவர்களிடம் மருந்தும் அரிசியும் வாங்கிவரப் புறப்பட்டாள். பிள்ளையை எதுவும் தூக்கிப் போய்விடக் கூடாதே என்று கதவுக்கு வெளியே கட்டையைப் போட்டாள். இங்கனயே இரு, இப்ப வந்திருதேன் என்று சொன்னாள். அவள் அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்த அன்று மலை சரிந்து பாதை போய்விட்டது. திரும்பிப் போகச் சிப்பாய்கள் விடவில்லை.

"அந்தக் கட்டையைப் பிள்ளையால தூக்கியிருக்க முடியுமான்னு அவளுக்குத் தெரியணும். அவ்வளவுதான். அதுக்குத்தான் அம்புட்டுப் பாடு" என்றாள் அம்மா.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் கார்த்திகைக்குள் அத்தை புறப்பட்டுவிட்டாள். பர்மாவுக்குள் போக வழியில்லை. அசாம் பக்கத்து முகாம்களில் பெற்றவர் தெரியாத பிள்ளைகள் நிறைய இருக்கிறார்களாம், அங்கே தேடப் போகிறேன் என்றாள். அப்பா தடுக்கவில்லை. தடுத்தால் நடந்தே போவாள், நடக்கத் தெரிந்தவள் என்றார். மதராஸ் வரை தானே கொண்டுபோய், கல்கத்தா போகிற தெரிந்த குடும்பத்தோடு ஏற்றிவிட்டார். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய ஒரு பட்டாளத்துக்காரர், அசாமில் ஒரு முகாம் சமையல்கட்டில் நெல்லைத் தமிழ் பேசுகிற ஒரு அம்மாளைப் பார்த்ததாகச் சொன்னார். புதிதாக எந்தப் பெண்பிள்ளை வந்தாலும் அவள் முதுகைச் சுவரோடு ஒட்டவைத்து உயரம் பார்ப்பாளாம். அப்பா போய்த் தேடினார். அதற்குள் அந்த முகாமே கலைந்திருந்தது. அத்தையைப் பற்றி அதன் பிறகு எங்களுக்கு எதுவும் தெரியாது. தோட்டத்து வீட்டை அப்பா பிரிக்கவில்லை. கறையான் பார்த்துக்கொண்டது.

அத்தை புறப்பட்ட அன்று காலை நாங்கள் எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அவள் தலைவாரி, பூ வைத்து, நன்றாக இருந்தாள். பெட்டியில் ஏறுமுன் குனிந்து, ஆறிப்போயிருந்த என் உள்ளங்கைத் தழும்பில் முத்தம் கொடுத்தாள்.

"நீ வந்துட்டேல்லா. அவளும் வந்திருப்பா" என்றாள்.

வண்டி நகர்ந்ததும் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அத்தை மகளைக் கூட்டிவரப் போகிறாள், இதில் அழ என்ன இருக்கிறது? அந்தப் பிள்ளைக்கு எழுந்து நிற்கவே தெம்பிருக்கவில்லை என்பதும், நான் அன்று என் தோசையையும் அத்தையின் பாதித் தோசையையும் சேர்த்துத் தின்றுவிட்டுத்தான் அந்தக் கட்டையை நெம்பினேன் என்பதும் பிளாட்பாரத்தில் நின்ற பெரியவர்களுக்குத் தெரியும். வண்டிக்குள் இருந்தவளுக்கும் தெரிந்திருக்கும். ஒருவரும் சொல்லவில்லை.

நான் அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடம் போனேன். என் கையை விரித்துக் காட்டி, என்னால்தான் எங்கள் அத்தை ரயிலேறிப் போயிருக்கிறாள் என்று வகுப்பில் ஒவ்வொருத்தியிடமும் பெருமையாகச் சொன்னேன்.